மால்கம் யங்கை நினைவுகூரும்போது பிள்ளைகளுக்கு எதைக் கேட்கச் சொல்வது?

கேள்வி
பதிந்தவர்: பாளை கிட்டார் வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் ஒரு சாரார் ஆலயப் பாடகர் குழுவில் வாசிப்பதற்காக வருகிறார்கள். மற்றவர்கள் கல்லூரி விழா மேடையை மனத்தில் வைத்து வருகிறார்கள். இரு தரப்பாரும் கையில் கார்டு (பல தந்திகளைச் சேர்த்து அடிக்கிற சுரக்கூட்டு) படியத் தொடங்கிய மறுநாளே கேட்பது ஒரே கேள்விதான்: லீடு, அதாவது தனி வாசிப்பு, எப்போது சொல்லித் தருவீர்கள்?

வரும் நவம்பர் 18 அன்று, ஆஸ்திரேலிய ராக் குழுவான ஏசி டிசியில் ரிதம் கிட்டார் (பாட்டுக்குத் தாளமாகக் கார்டு அடிப்பது) வாசித்த கலைஞர் மால்கம் யங் மறைந்த நாளை ஒட்டி, மாடியிலேயே சிறியதொரு நினைவுக் கூட்டம் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். அவர் 2017இல் தமது 64ஆம் வயதில் காலமானபோது, ஹெவி மெட்டல் வாசிக்கிற பெரிய பெரிய கலைஞர்கள்கூடத் தங்கள் வலக்கைக்கு அவர்தான் ஆசான் என்கிற அளவுக்கு எழுதியதைப் படித்தது நினைவிருக்கிறது. ஆனால் மாதிரிக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டியதும் என்னிடம் படிக்கிற பையன் ஒருவன், "இது மூணு கார்டுதானே சார்? இதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டான். அவன் சொன்னது தப்பில்லை, மூன்று கார்டுதான். பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு மேடை முழுக்க ஓடுகிற தம்பி ஆங்கஸ் யங்கைத்தான் பிள்ளைகளின் கண் தேடுகிறது. பின்னால் டிரம்ஸுக்கு அருகில் நின்று தலையாட்டிக்கொண்டிருக்கும் அண்ணனை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே இங்குள்ள அனுபவசாலிகளிடம் கேட்கிறேன். தனி வாசிப்பு ஏறக்குறைய எதுவுமே இல்லாத ஒருவர் இத்தனை பேரைப் பாதித்தது எப்படி? அதைக் காதால் உணரும்படி பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? புகழ்மாலை வேண்டாம், வாசிக்கிறவர்களுக்குப் பயன்படுகிற விளக்கம்தான் வேண்டும்.

மறுமொழி 1
பதிந்தவர்: டவுன் மெல்லிசைக்காரன்

வாத்தியாருக்கு வணக்கம். திருநெல்வேலி டவுனிலிருந்து எழுதுகிறேன். கோயில் கொடைக் கச்சேரிகளில் பல காலம் ரிதம் கிட்டார் வாசித்தவன் என்ற உரிமையில் சற்று நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். 1980இல் வந்த 'பேக் இன் பிளாக்' தொகுப்பின் தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸின் ஹை-ஹேட் தட்டில் எண்ணிக்கை விழுந்ததும் ஈ கார்டு ஒருமுறை விழுகிறது. அடுத்து வெற்றிடம். டி கார்டு மூன்று சின்ன வெட்டாக வருகிறது, மறுபடி வெற்றிடம், அதே மூன்று வெட்டு ஏ கார்டில். ஈயை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் மற்ற இரண்டும் கைசிகி நிஷாதத்திலும் சுத்த மத்தியமத்திலும் நிற்கின்றன. சுரத்தைப் பொறுத்தவரை அதற்கு மேல் அங்கே ஆராய ஒன்றும் கிடையாது. ஆராய வேண்டியது அந்த வெற்றிடங்களைத்தான். கிட்டார் நின்ற இடத்தில் டிரம்ஸ் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது, கேட்கிறவனின் உடம்பு அடுத்த வெட்டுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பை உண்டாக்குவதுதான் ரிதம் கிட்டாரின் வேலை.

இதை வாயால் சொன்னால் ஏறாது. பையன் கையில் கிட்டாரைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஈ கார்டை அடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தச் சொன்னால், அவன் முதலில் இடக்கை விரல்களைத் தூக்குவான். விரலைத் தூக்கினால் ஒலி நிற்காது, ஏனென்றால் அந்தக் கார்டில் 6ஆம் தந்தி, 2ஆம் தந்தி, 1ஆம் தந்தி ஆகிய மூன்றும் விரல் படாத திறந்த தந்திகள். அவை பாட்டுக்கு முழங்கிக்கொண்டே இருக்கும். வலக்கையின் சுண்டுவிரல் பக்கத்துச் சதையைப் பிரிட்ஜுக்கு (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) அருகில் தந்திகளின் மேல் படுக்க வைக்க வேண்டும். அதே நொடியில் இடக்கை விரல்களும் அழுத்தத்தை விட்டுவிட்டுத் தந்தியைத் தொட்டபடியே கிடக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால்தான் ஒலி கத்தியால் வெட்டியது போல நிற்கும். நூற்றுக்கு மேற்பட்ட தடவை ஒரே பாட்டில் இதைச் செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் நிற்க வேண்டும், நிமிடத்துக்குத் தொண்ணூறுக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் ஓடாமலும் இழுக்காமலும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தாளம் எண்ணித் தருகிற மெட்ரோனோமைத் தட்டி விடுங்கள். மூன்று கார்டு என்று சொன்ன வாய் அதற்குப் பிறகு அப்படிச் சொல்லாது.

அடுத்து ஒலியின் தன்மை. ராக் என்றாலே ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் பெடலை முழுக்கத் திருப்புவது என்றுதான் நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். மால்கம் செய்தது நேர்மாறானது. அவர் வைத்திருந்தது 1963ஆம் ஆண்டு கிரெட்ச் ஜெட் ஃபயர்பேர்டு கிட்டார். ஈஸிபீட்ஸ் குழுவில் அவருடைய மூத்த சகோதரர் ஜார்ஜ் யங்கோடு வாசித்த ஹாரி வாண்டாவிடமிருந்து வந்தது அது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்குறியாக்குகிற கருவி) கழற்றிவிட்டு, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். மேல் வண்ணத்தையும் சுரண்டி எடுத்து வெறும் மரமாக்கினார். 012இல் (முதல் தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) தொடங்குகிற தடித்த தந்திக்கட்டு, அதில் 3ஆம் தந்தியும் மேலே கம்பி சுற்றிய சுற்றுக்கம்பி. அதை மார்ஷல் ஆம்பில் செருகி, ஆம்பின் ஒலியை உயர்த்தி, கரகரப்பைக் கூட்டுகிற கெயினைக் குறைவாக வைத்து வாசித்தார்.

இதில் காரணம் இருக்கிறது. டிஸ்டார்ஷன் கூடக்கூட, மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவில் ஒலிக்கும். கையின் வித்தியாசம் மறைந்து போகும். அத்துடன் கார்டிலுள்ள காந்தாரம், பஞ்சமத்தோடும் ஸட்ஜத்தோடும் மோதிக் கலங்கி, கூழாகிவிடும். அதனால்தான் கெயின் கூட்டி வாசிக்கிறவர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு ஸட்ஜ பஞ்சமத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கெயின் குறைந்திருந்தால் முழுக் கார்டையும் வாசிக்கலாம், ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழும். ஆனால் பலம் முழுவதும் மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், பிசகினால் மூடிக்கொள்ள மறைப்பும் கிடையாது. கேட்கிறவன் "எவ்வளவு முரட்டு ஒலி" என்று நினைக்கிற இடத்தில் உண்மையில் இருப்பது ஏறக்குறையச் சுத்தமான கிட்டார் ஒலியும் தடித்த தந்தியும் கனத்த கையும்தான்.

கேட்பதற்கும் வழி சொல்கிறேன். அந்தக் குழுவின் ஒலிப்பதிவுகளில் அண்ணன் தம்பி இருவரின் கிட்டாரையும் பெரும்பாலும் ஸ்டீரியோவின் இரு பக்கமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள், பிறகு மறு காதை. தம்பி தனி வாசிப்புக்குப் போகும்போது எந்தப் பக்கம் அசையாமல் நிற்கிறதோ, அந்தப் பக்கத்தில் இருப்பவர் மால்கம். அங்கேயே பையன்களைச் சற்று நேரம் உட்கார வையுங்கள். பலர் அந்தப் பகுதியை முதல்முறையாகக் கேட்பார்கள் என்பது என் கணிப்பு.

மறுமொழி 2
பதிந்தவர்: குடத்தடிக்காரர் பேரன்

டவுன் அண்ணாச்சி சொன்னதைப் படித்ததும் எங்கள் தாத்தாவின் வில்லுப்பாட்டுக் குழுதான் நினைவுக்கு வந்தது. வீசுகோலை ஆட்டிக் கதை சொல்கிற புலவரைத்தான் ஊர் பார்க்கும். சுவரொட்டியிலும் அவர் பெயர்தான் இருக்கும். குடத்தின் வாயில் மட்டையால் அடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவரை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் சாமி வருகிற கட்டத்தில் கதையைத் துரிதப்படுத்துகிறவரும், அழுகைக் கட்டத்தில் அடியை அமர்த்திக் கொடுக்கிறவரும் அவர்தான். சுடலைமாடன் கொடையில் ஒருமுறை குடக்காரர் வராமல் போய், உடுக்கையை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்த்ததாகவும் புலவருக்கே பாட்டு ஓடவில்லை என்றும் தாத்தா சொல்வார். மால்கம் யங் அந்தக் குழுவின் குடம்தானே?

மறுமொழி 3
பதிந்தவர்: துறைமுகத்து ரசிகன், தூத்துக்குடி

தம்பி சொன்ன ஒப்புமை நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு அது பாதி தூரம்தான் வருகிறது. குடக்காரர் புலவரின் போக்குக்கு ஈடுகொடுக்கிறவர். ஏசி டிசியில் போக்கை முடிவு செய்ததே மால்கம்தான். குழுவைத் தொடங்கியவரும் அவரே, தம்பியை அதில் சேர்த்தவரும் அவரே. வலக்கையைப் பற்றி டவுன் அண்ணாச்சி எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் அவருடைய செல்வாக்கைக் கையோடு நிறுத்திவிட்டால் பாதி மனிதரைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டியதாக ஆகும்.

எங்கள் வீட்டில் பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தார். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் சோப்பு, சென்ட்டு, சட்டைத் துணி இவற்றோடு கேசட்டுகளும் வரும். அப்படி வந்தவற்றில் ஏசி டிசியும் இருந்தது. கேசட்டின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்ததில், பாட்டுக்குப் பாட்டு, பாடகர் யாராக இருந்தாலும், இயற்றியவர் வரிசையில் 'யங், யங்' என்று இரண்டு தடவை இருந்தது எனக்கு அப்போது அச்சுப்பிழையாகவே பட்டது. ஒன்று ஆங்கஸ், மற்றொன்று மால்கம். பாட்டின் முதுகெலும்பாக இருக்கிற, திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளான ரிஃப்களில் ஏராளமானவை மால்கம் கையில் பிறந்தவை.

அவருடைய வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1953 ஜனவரி 6 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1963இல் குடும்பமே ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. மூத்தவர் ஜார்ஜின் ஈஸிபீட்ஸ் குழு 1966இலேயே உலகறிந்த பாட்டைக் கொடுத்துவிட்டதால், இசையில் பிழைக்கவும் முடியும், ஏமாற்றப்படவும் முடியும் என்ற இரண்டையும் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்கள் அந்தத் தம்பிமார். 1973இல் குழுவைத் தொடங்கி, அந்த ஆண்டின் கடைசி இரவில் சிட்னியின் செக்கர்ஸ் விடுதியில் முதல் கச்சேரியைச் செய்தார்கள். தொடக்க காலத்தில் மால்கமும் சில பாடல்களில் தனி வாசிப்பு வாசித்திருக்கிறார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். லீடு வராததால் ரிதத்துக்குப் போனவர் அல்லர். தம்பிக்கு அது பொருந்தும், தமக்கு இது பொருந்தும் என்று முடிவெடுத்து, அந்த முடிவிலேயே நாற்பது ஆண்டு நின்றவர்.

தலைமை என்பதை 1980இல் பார்க்கலாம். பாடகர் பான் ஸ்காட் பிப்ரவரி 19 அன்று இறந்தார். குழு கலைந்துவிடும் என்றே பலரும் நினைத்த நேரத்தில், அண்ணனும் தம்பியும் மீண்டும் கிட்டாரை எடுத்துக்கொண்டு பாட்டு எழுத உட்கார்ந்தார்கள். பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு, பஹாமாஸ் தீவில் ஒலிப்பதிவு செய்து, ஜூலையிலேயே தொகுப்பை வெளியிட்டார்கள். உலகமெங்கும் ஐந்து கோடிக்கு மேல் விற்ற 'பேக் இன் பிளாக்' அதுதான். துக்கத்தில் இருக்கிறவனுக்கு வேலை கொடுத்து எழுப்பி விடுகிற மூத்தவர் ஒருவர் நம் வீடுகளிலும் உண்டு. அவர் அதிகம் பேச மாட்டார்.

கடைசிக் காலம் வேதனையானது. 2008 முதல் 2010 வரை நடந்த சுற்றுப்பயணத்தின்போதே மறதி நோயின் அறிகுறிகள் தெரியத் தொடங்கியிருந்தன. ஆண்டுக்கணக்கில் வாசித்த தம் சொந்தப் பாட்டுகளையே அவர் மீண்டும் பழகிக்கொண்டு மேடையேற வேண்டியிருந்தது என்பதை ஆங்கஸ் பின்னர் வெளிப்படுத்தினார். 2010 ஜூன் 28 அன்று ஸ்பெயினின் பில்பாவோவில் வாசித்ததே அவருடைய கடைசி மேடை. 2014இல் அவர் விலகியது அறிவிக்கப்பட்டது; அவர் இடத்துக்கு வந்தவர் அவருடைய அண்ணன் மகன் ஸ்டீவி யங். 2017 அக்டோபரில் ஜார்ஜ் காலமானார். ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் மால்கமும் போய்ச் சேர்ந்தார். 2020இல் வந்த 'பவர் அப்' தொகுப்பின் பாட்டுகள் எல்லாமே, அண்ணனும் தம்பியும் முன்பு சேர்த்து வைத்திருந்தவற்றிலிருந்து எழுந்தவை. அதனால் அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து வந்த அட்டையிலும் 'யங், யங்' என்றே அச்சாகியிருக்கிறது.

மறுமொழி 4
பதிந்தவர்: குடத்தடிக்காரர் பேரன்

துறைமுகத்து அண்ணாச்சி சொல்வது சரிதான். ஆனால் தாத்தா காலத்துக் குடக்காரர் சிலர் குழுவுக்கே சொந்தக்காரர்களாக இருந்திருக்கிறார்கள், புலவரைத்தான் கூலிக்கு அழைத்து வருவார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். அப்படிப் பார்த்தால் ஒப்புமை இன்னும் கொஞ்ச தூரம் வரும்.

மறுமொழி 5
பதிந்தவர்: பாளை கிட்டார் வாத்தியார்

அண்ணாச்சிமார் இருவருக்கும், தம்பிக்கும் மிக்க நன்றி. ஈ கார்டை நிறுத்திக் காட்டுகிற பயிற்சியை இன்று மாலையே கொடுத்துப் பார்த்தேன். முதலில் சிரித்தார்கள், அரைமணி நேரத்துக்குள் மாடியில் பேச்சே இல்லை. மணிக்கட்டு வலிக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

இனி நடைமுறைச் சந்தேகங்கள். பிள்ளைகளிடம் இருப்பவை விலை குறைந்த உள்நாட்டு அகூஸ்டிக் கிட்டார்கள். எலெக்ட்ரிக் என்று வகுப்பில் இருப்பது ஒன்றுதான், அதோடு ஒரு சிறிய பயிற்சி ஆம்ப். 012 தந்தியை அந்த எலெக்ட்ரிக் கிட்டாரில் போடலாமா? கழுத்து தாங்குமா? அடுத்து, ஆலயத்தில் வாசிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வாசிப்பு எந்த விதத்தில் பயன்படும் என்று பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது? ஏசி டிசியின் பாட்டுத் தலைப்புகள் சிலவற்றைப் பார்த்தால் போதகர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார் என்பது வேறு விஷயம்.

மறுமொழி 6
பதிந்தவர்: டவுன் மெல்லிசைக்காரன்

வாத்தியாரே, 012 கட்டை எடுத்த எடுப்பில் போட வேண்டாம். 009 தந்திக்கு அமைத்த கிட்டாரில் அதைப் போட்டால் இழுவிசை மிகவும் கூடும். கழுத்து முன்னோக்கி வளையும், தந்தி உயர்ந்து நிற்கும், கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காருகிற நட்டிலுள்ள வெட்டுகளுக்குள் தடித்த தந்தி உட்காராது. கழுத்துக்குள் இருக்கிற டிரஸ் ராடு கம்பியைச் சரிசெய்து, நட்டை அராவி, இன்டோனேஷன் (கழுத்து முழுக்கச் சுரம் சரியாக ஒலிப்பது) பார்த்துத் தருகிற ஆள் பக்கத்தில் இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் 010க்குப் போங்கள். சில மாதம் கழித்து 011. பிள்ளைகளின் விரலும் அதற்குள் பழகிவிடும். உண்மையில் இந்தப் பயிற்சிக்கு அந்த அகூஸ்டிக் கிட்டார்களே நல்லவை. அவற்றில் பெரும்பாலும் 3ஆம் தந்தி சுற்றுக்கம்பியாகவே இருக்கும், கெயின் என்ற பேச்சுக்கே இடமில்லை, தவறு செய்தால் அப்படியே கேட்கும்.

சிறிய ஆம்பில் கெயினை முள் கால் பங்குக்கு மேல் போக விடாதீர்கள். அடித்தால் லேசாகக் கரகரக்க வேண்டும், மெல்ல வருடினால் சுத்தமாக ஒலிக்க வேண்டும். அந்த எல்லையில் நிறுத்துங்கள். பேஸை (தாழ்ந்த ஒலி) குறைத்து மிட்டை (நடு ஒலி) சற்று உயர்த்துங்கள். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்கிற இடத்தில் ரிதம் கிட்டாரும் போய் இடிக்கக் கூடாது.

ஆலயத்துக்கு எப்படிப் பயன்படும் என்று கேட்டீர்கள். கீர்த்தனைக்குக் கீபோர்டு, ஆர்மோனியம், தபேலா, கூடவே இருபது குரல்கள் என்று எல்லாமும் ஒலிக்கிற இடத்தில், நம் பிள்ளைகள் ஆறு தந்தியையும் மேலும் கீழும் ஓயாமல் வருடிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் பாடுகிறவர்களின் சொல் கேட்பதில்லை. தாளத்தின் எந்த இடத்தில் அடிப்பது, எந்த இடத்தில் கையைப் படுக்க வைத்து நிறுத்துவது என்று அவர்கள் முடிவு செய்தாலே போதும், பாட்டில் சொல் தெளிந்துவிடும். கிறிஸ்துமஸ் கீத பவனியில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்; தெருவில் நடந்துகொண்டே பாடுகிறபோது, கிட்டார் நிற்கிற இடத்தில்தான் கூட்டத்துக்குத் தாளம் பிடிபடும்.

பெற்றோரிடமும் போதகர் ஐயாவிடமும் பாட்டின் தலைப்பைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சிட்னியில் தூய மரியன்னைப் பேராலயத்தில் நவம்பர் 28 அன்று அவருடைய அடக்க ஆராதனை நடந்தது என்பதை வேண்டுமானால் சொல்லுங்கள், ஐயாவின் முகம் கொஞ்சம் மலரும். கூட்டத்துக்கு நானும் வருகிறேன். என்னிடம் 011 தந்திக்கட்டு ஒன்று பிரிக்காமல் இருக்கிறது, கொண்டு வருகிறேன். ஹெட்போன்களை ஒருவருக்கு ஒன்றாக ஏற்பாடு செய்துவிடுங்கள். ஒலிபெருக்கியில் போட்டால் இரண்டு கிட்டாரும் கலந்துவிடும், நான் சொன்ன பயிற்சி நடக்காது.